கார்ல சைக்கிள் ஏத்த எந்த ரேக் வாங்கறது

சென்னையிலருந்து ஏலகிரி, கொல்லிமலைன்னு கார்ல சைக்கிள கொண்டுபோய் அங்க மலை ஏறி மிதிக்கறவங்க இப்ப நிறைய பேர் இருக்காங்க, புதுசா வர்றவங்க மொதல்ல கேக்கறது எந்த பிராண்ட் ரேக் நல்லதுன்னுதான். துலேவா சாரிஸான்னு அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல உங்க கார் பின்னாடி போய் நின்னு டிக்கிய நல்லா தடவிப் பாருங்க, எந்த ரேக்குன்னு முடிவு பண்ணப்போறது அதுதான்.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. ஒரே சைக்கிள்தான், பின்சீட்ல ஆள் இல்லன்னா ரேக்கே வேணாம். சீட்ட மடிச்சு பழைய பெட்ஷீட் விரிச்சு, முன்வீல கழட்டிட்டு செயின் இருக்கற பக்கம் மேல வர்ற மாதிரி படுக்க வச்சா பெரும்பாலான ஹேட்ச்பேக்லயே உள்ள போயிடும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்னா வீல் கழட்டினதும் ரெண்டு பிரேக் பேடுக்கு நடுவுல ஒரு அட்டைய மடிச்சு சொருகிடுங்க, தெரியாம பிரேக் லீவர் அமுங்கிட்டா பேட் ரெண்டும் ஒட்டிக்கும், அப்புறம் மலை அடிவாரத்துல வீல் உள்ள போகாம உக்காந்து நெம்பிட்டு இருக்கணும்.

ரெண்டு மூணு சைக்கிள்னா அதிகம் பேர் வாங்கறது டிக்கில பெல்ட் போட்டு மாட்டுற ரேக். விலை கம்மி, மடிச்சு வீட்ல வச்சுக்கலாம். ஆனா எல்லா வெயிட்டும் மேல மாட்டுற ரெண்டு கொக்கியிலதான் தொங்குது, அந்த கொக்கி தகடு விளிம்புலதான் உக்காரணும். செடான் டிக்கின்னா பிரச்சனை இல்ல. ஹேட்ச்பேக்ல மேல பிளாஸ்டிக் ஸ்பாய்லர் இருந்தா கொக்கி அது மேல உக்காந்து கீறல் விடும், கண்ணாடி விளிம்புல மாட்டவே கூடாது. அதனால ரேக் கம்பெனியோட லிஸ்ட்ல உங்க மாடல் இருக்கான்னு பாக்காம காசு குடுக்காதீங்க. கொக்கியும் ரப்பர் பாதமும் உக்கார்ற இடத்த ஈரத்துணியால துடைச்சிட்டு மாட்டுங்க, ரேக் பெயிண்ட கெடுக்குதுன்னு சொல்றாங்கல்ல, பாதி அந்த இடுக்குல சிக்கற மண்ணாலதான்.

கீழ சைலன்சர் எந்த பக்கம் இருக்குன்னும் பாருங்க. சைக்கிள் டயர் அதுக்கு நேரா தொங்கினா ஹைவேல ஒரு மணி நேரத்துல அந்த சூட்டுக்கு டயர் காலி.

ரூஃப் ரேக்ல பின்னாடி எதுவும் மறைக்காது, டிக்கிய திறக்கலாம், சைக்கிளும் ஒண்ணோட ஒண்ணு உரசாது. இங்க பாக்க வேண்டியது கூரை தாங்கற எடை, கார் மேனுவல்ல போட்டிருப்பாங்க, நிறைய வண்டிக்கு 50லருந்து 75 கிலோக்குள்ள, அதுல கிராஸ் பார் (ரேக்க தாங்க கூரைக்கு குறுக்க போடற கம்பி), ரேக், சைக்கிள் எல்லாம் சேத்தி. ஒரு ஹைப்ரிட் சைக்கிளே 13, 14 கிலோ வரும். எஸ்யூவி மேல இருக்கற ரூஃப் ரெயில் நிறைய மாடல்ல வெறும் அழகுக்கு ஒட்டினது, அதுல கிராஸ் பார் மாட்டாதீங்க. இன்னொரு விஷயம் உயரம், கார் ஒன்றரை மீட்டர், மேல நிக்கற சைக்கிள் ஒரு மீட்டருக்கு மேல, ஆக மொத்தம் இரண்டரை மீட்டர தாண்டிடும், மால் பேஸ்மென்ட் எல்லாம் 2.1, 2.2தான் இருக்கும். மேல சைக்கிள் இருக்கறதே மறந்து உள்ள விட்டா சைக்கிள், ரேக், கூரை மூணும் போச்சு, அதனால ஸ்டியரிங் பக்கத்துல ஒரு சீட்டு எழுதி ஒட்டி வைங்க.

தார், ஜிம்னி மாதிரி ஸ்டெப்னி பின்கதவுல தொங்குற வண்டின்னா ஸ்டெப்னி மேலயே மாட்டுற ரேக் கிடைக்குது, அதையே வாங்குங்க, நல்லா கெட்டியா நிக்கும்.

சைக்கிளோட ஃப்ரேமையும் பாக்கணும். கார்பன் ஃப்ரேம்னா மேல் பைப்ப இறுக்கிப் பிடிக்கற கிளாம்ப் வேணாம், வீல பிடிக்கற ரேக் இல்லன்னா முன்வீல கழட்டிட்டு ஃபோர்க்ல, அதாவது வீல பிடிக்கற கவைல, மாட்டுறது போங்க, ஃபோர்க் மாடல் வாங்கும்போது உங்க வீல் குயிக் ரிலீஸா (லீவர திருப்பி கழட்டற மெல்லிசு கம்பி) த்ரூ ஆக்ஸிலா (ஃபோர்க் ஓட்டை வழியா நுழையற தடி கம்பி)ன்னு பாத்து வாங்கணும். லேடீஸ் சைக்கிளுக்கு மேல் பைப் இருக்காது, ஹேண்டில்லருந்து சீட்டுக்கு போடற ஒரு கம்பி தனியா விக்கறாங்க, அது இல்லாம தொங்கவிட முடியாது. இ-சைக்கிள் நிறைய 20 கிலோவ தாண்டும், பேட்டரிய கழட்டி கார் உள்ள வச்சுட்டு ஏத்துங்க.

பின்பக்க ரேக் எதுவா இருந்தாலும் நம்பர் பிளேட்டும் டெயில் லைட்டும் மறையக்கூடாது. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி எல்லாத்துக்கும் ஹை செக்யூரிட்டி பிளேட்தான் (ஹாலோகிராமும் தனி நம்பரும் போட்டு வர்றது), அதனால கடையில ஒண்ணு அடிச்சு ரேக்ல தொங்கவிட்டா சரியாயிடும்னு நினைக்காதீங்க. பிளேட்டும் லைட்டும் மறையாத அளவுக்கு ரேக்ல சைக்கிள இன்னும் உயரமா மாட்ட முடியுதான்னு பாருங்க, முடியலன்னா அந்த ரேக் உங்க காருக்கு ஆகாது.

மாட்டி முடிச்சதும் சைக்கிள பிடிச்சு ஆட்டிப் பாருங்க, காரும் சேர்ந்து ஆடணும், சைக்கிள் மட்டும் ஆடுச்சுன்னா பெல்ட் இன்னும் இறுகல. முன்வீல ஃப்ரேமோட ஒரு ஸ்ட்ராப்பால கட்டுங்க இல்லன்னா காத்துல திரும்பி திரும்பி பெயிண்ட்ல இடிக்கும், சைக்கிளுக்கு கவர் போட்டு ஓட்டாதீங்க அது காத்த பிடிச்சு இழுக்கும். கிளம்பி 10, 15 கிலோமீட்டர்ல ஒரு தடவ நிறுத்தி எல்லா பெல்ட்டையும் இழுத்துப் பாருங்க, நாலு ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினாலே கொஞ்சம் தளர்ந்திருக்கும்.