டபுளான ஆட்டத்தில் முதல் சீட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் பிரிட்ஜ் ஆடிவருகிறோம்; இருவர் இருவராக இரண்டு ஜோடிகள் ஏலம் கூறி ஆடும் சீட்டாட்டம் இது, நால்வரும் ஒவ்வொரு சீட்டு இறக்கும் ஒரு சுற்றை வெல்வது ஒரு பிடி. எங்கள் மேசையில் அதிகப் புள்ளிகள் பறிபோவது, எதிரணியின் ஒப்பந்தத்தை (இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலத்தில் அவர்கள் ஏற்றதை) டபுள் செய்துவிட்டு, அதாவது அதன் புள்ளிகளைப் பெருக்கும் அறைகூவலை விடுத்துவிட்டு, முதல் சீட்டைத் தவறாக இறக்கும்போதுதான். டபுள் வராத ஆட்டத்தில் எந்தச் சீட்டு இறங்குமோ அதையே இங்கும் இறக்குவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூலம். கையிலுள்ள 13 சீட்டுகளைப் பார்ப்பதற்கு முன்பாக, டபுள் சொன்னவர் யார், ஏன் சொன்னார், அதற்குப் பிறகு யார் பாஸ் சொன்னார் என்று ஏலத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

நான் செய்த ஒரு தவற்றையே எடுத்துக்கொள்கிறேன். வலப்புறத்தவர் 1 ஹார்ட்டின் என்று ஏலத்தைத் திறந்தார், அதாவது ஹார்ட்டினைத் துருப்பாக (மற்ற ஜாதிகளை வெட்டும் ஜாதியாக) வைத்து 7 பிடி எடுப்பதாகச் சொன்னார். ஸ்பேடில் ஏஸ், ராஜா, 7, 4. ஹார்ட்டினில் ஒற்றை 6. டைமண்டில் ராஜா, ஜாக்கி, 8, 3. கிளாவரில் ஏஸ், 10, 5, 2 என்று வைத்திருந்த நான், ஜோடிக்காரரின் நல்ல ஜாதியைக் கேட்கும் பொருட்டு டபுள் சொன்னேன். மற்ற மூவரும் பாஸ் சொன்னார்கள். ஏஸும் ராஜாவும் சேர்ந்திருக்கும் ஜாதியிலிருந்து ஏஸை இறக்குவது நல்ல பழக்கம் என்று ஸ்பேடு ஏஸை இறக்கினேன், அடுத்து ராஜாவையும் இறக்கினேன். ஆட்டத்தை நடத்தியவரிடம் ஸ்பேடு ஒன்றுதான் இருந்தது. ராஜாவை அவர் ஹார்ட்டின் 3-ஆல் வெட்டினார். ஆட்டம் முடிந்ததும், பிரான்ஸில் வேலை பார்த்துத் திரும்பியவரும் டபுளை இன்றும் "கோந்த்ர்" என்றே சொல்பவருமான என் ஜோடிக்காரர், "தம்பி, கை நிறைய ஹார்ட்டின் வைத்துக்கொண்டுதானே பாஸ் சொன்னேன்? அதையல்லவா இறக்கியிருக்க வேண்டும்?" என்றார்.

அவர் சொன்னது முழுக்கச் சரி. ஒன்றின் மட்டத்தில் அப்படியொரு டபுளுக்குப் பாஸ் சொல்பவரிடம் துருப்பு நீளமாகவும் தொடர்ச்சியாகவும் இருக்கும். என் ஜோடிக்காரரிடம் ராணி, ஜாக்கி, 10, 9, 4 இருந்தன; ஆட்டத்தை நடத்திய எதிரியிடம் ஏஸ், ராஜா, 7, 5, 3; சீட்டுகளை மேசையில் விரித்து வைக்கும் அவருடைய ஜோடியான டம்மியிடம் 8, 2. ஏஸும் ராஜாவும் எப்படியும் எதிரிக்கே. மீதி மூன்று சிறு துருப்புகளை அவர் பிடிகளாக மாற்ற ஒரே வழி, ஜோடிக்காரர் அதே ஜாதியைப் போட்டாக வேண்டிய நேரத்தில் வெட்டுவதுதான். முதலிலேயே என் ஒற்றை 6 இறங்கி, ஜோடிக்காரர் தன் டைமண்டு ஏஸால் உள்ளே வந்து மறுபடி துருப்பை இழுத்திருந்தால், அந்தச் சிறு துருப்புகளில் ஒன்றுதான் தப்பியிருக்கும். எதிரணி வல்னரபிள் (பரிசும் அபராதமும் கூடுதலாக உள்ள நிலை), ஒரு பிடி குறைந்து 200 கொடுத்தார்கள். மூன்று குறைந்திருந்தால் 800. ஒற்றைத் துருப்பை இறக்குவது பொதுவாக ஆபத்தானது, ஜோடிக்காரரின் ராணியைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இந்த ஏலத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை.

நம்முடைய ஒப்பந்தத்தைத் தடுக்க எதிரணி தெரிந்தே தோற்கும் விலைக்கு ஏறும்போதும் இதே தவறு நடக்கிறது. வல்னரபிளான நமக்கு 4 ஸ்பேடு 620 தரும். வல்னரபிள் அல்லாத அவர்கள் 5 டைமண்டுக்குப் போய் டபுளாகி மூன்று பிடி குறைந்தால் நமக்குக் கிடைப்பது 500, நான்கு குறைந்தால் 800. ஆக ஒரே ஒரு பிடிதான் லாபத்தையும் நட்டத்தையும் பிரிக்கிறது. உயர்ந்த சீட்டுகள் நம்மிடமே இருப்பதால் அவர்கள் டம்மியின் துருப்பால் வெட்டியே பிடி சேர்க்க வேண்டும். அந்த வெட்டைக் குறைப்பது துருப்பு இறக்கம். இதையும் கண்மூடித்தனமாகச் செய்யலாகாது. டம்மி வேறொரு நீள ஜாதியை ஏலத்தில் சொல்லியிருந்தால், அதில் தங்கள் தோற்கும் சீட்டுகளை அவர்கள் எறிவதற்குள் நம் பிடிகளை எடுத்தாக வேண்டும். நம்மிடமே நான்கு துருப்புகள் இருந்தால், நம் நீள ஜாதியை இறக்கி எதிரியைத் தன் கையாலேயே வெட்டவைத்துத் துருப்பில் இளைக்கச் செய்வது மேல்.

எதிரணி தாமாக ஏறிய ஸ்லாமில் (12 அல்லது 13 பிடி எடுப்பதாகச் சொல்லும் ஒப்பந்தத்தில்), முதல் சீட்டை இறக்காதவர் சொல்லும் டபுள் முற்றிலும் வேறு செய்தி. தியோடர் லைட்னர் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் இந்த டபுள், "வழக்கமானதை இறக்காதே" என்கிறது. துருப்பும் கூடாது, நம் அணி ஏலத்தில் சொன்ன ஜாதியும் கூடாது. ஜோடிக்காரரிடம் ஏதோ ஒரு ஜாதி அறவே இல்லாமலிருக்கலாம். அது பெரும்பாலும் நம்மிடம் மிக நீளமாக உள்ள ஜாதியாகவோ, டம்மி முதலில் சொன்ன பக்க ஜாதியாகவோ இருக்கும். இங்கே ஐந்தாறு சீட்டுள்ள அந்த ஜாதியைப் பயனற்றதென்று ஒதுக்கிவிட்டு, கையிலுள்ள ஏஸை முதலில் இறக்கிப் பார்ப்போம் என்று நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதறுகிறது. வெட்டுக்குரிய நேரம் அந்த ஒரு சீட்டிலேயே போய்விடலாம். வெட்டக் கொடுக்கும் சீட்டின் அளவுக்கும் பொருள் உண்டு: பெரிய சீட்டானால் வெட்டியபின் மீதி ஜாதிகளில் ஏல வரிசைப்படி மேல் ஜாதியையும், சிறிய சீட்டானால் கீழ் ஜாதியையும் திருப்பிக் கேட்கிறோம்.

துருப்பே இல்லாத 3 நோ டிரம்ப் ஒப்பந்தத்தை ஜோடிக்காரர் டபுள் செய்தால் வழி சுருக்கமானது: நம் அணி சொன்ன ஜாதியை இறக்க வேண்டும், இருவருமே சொல்லவில்லையென்றால் டம்மி முதலில் சொன்ன ஜாதியை இறக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜோடிக்காரர் டபுளை எவ்வளவு உரக்கச் சொன்னார், எவ்வளவு நேரம் யோசித்துச் சொன்னார் என்பதை வைத்துச் சீட்டைத் தேர்ந்தெடுப்பது விதிக்குப் புறம்பானது. திண்ணையில் ஆடினாலும் அது எதிரணிக்குச் செய்யும் அநீதி. ஏலத்தில் ஏதேனும் புரியாவிட்டால் முதல் சீட்டுக்கு முன் எதிரணியிடம் விளக்கம் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. பிறகு சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஜோடிக்காரரும் தன் கேள்விகளைக் கேட்டு முடித்த பின்பே அதைத் திருப்ப வேண்டும்.