சிலிண்டரை வெளியே மாற்றும்போது செய்யக் கூடாத தவறுகள்

சமையலறையைப் புதுப்பிக்கிற வீடுகளில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். "மேடையிலேயே பதிக்கிற நாலு பர்னர் அடுப்பு, ஹாப் போடுறோம், அடியில டிராயர் வருது. சிலிண்டரைப் பின்பக்கம் வச்சுட்டு லைன் இழுத்துக்கலாம் சார்." யோசனை நல்லதுதான். 14.2 கிலோ சிலிண்டர் காற்றோட்டமாக வெளியே இருப்பது எப்போதுமே மேல். லைனை யார், எதை வைத்து இழுக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் மாடுலர் கிச்சன் வேலைக்கு வந்தவரே அதையும் முடித்துவிட்டார். இரண்டு ரப்பர் டியூபை நடுவில் ஒரு பித்தளைத் துண்டு போட்டு இணைத்து, டிராயருக்குப் பின்னால் விட்டு, சுவரில் ஓட்டை போட்டு வெளியே எடுத்திருந்தார். அடுப்பு அருமையாக எரிந்தது. நாலைந்து நாள் கழித்து அம்மா, "கீழ் டிராயரைத் திறந்தா மட்டும் ஒரு வாடை வருதுப்பா" என்றார். மேல் டிராயரில் வாடையே இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, ஏறக்குறைய இரண்டு பங்கு. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி வழிந்து தரையோடு தேங்கும். சிலிண்டர் வைக்கும் அலமாரிக் கதவில் மேலே மட்டும் ஜாலி வெட்டிவிட்டு 'காற்றோட்டம் விட்டாச்சு' என்று சொல்வது இதனால்தான் தப்பு. ஓட்டை தரையை ஒட்டிக் கட்டாயம் வேண்டும். வெளியே வைத்தாலும் சாக்கடை வாய், சம்ப் மூடி, பள்ளமான இடம், இன்வெர்ட்டர், மோட்டார் சுவிட்ச் இவற்றின் பக்கத்தில் வேண்டாம். சிலிண்டர் எங்கே இருந்தாலும் நிமிர்ந்துதான் நிற்க வேண்டும்.

டியூப் விஷயத்துக்கு வருவோம். உள்ளே கம்பி பின்னிய ஆரஞ்சு டியூப் ஒன்றரை மீட்டர் வரைதான். அதற்கு மேல் தூரம் இருந்தால் டியூபை ஒட்டுப் போட்டு நீட்டக் கூடாது. உலோகப் பைப்புக்கு மாற வேண்டும். டியூபின் மேலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தேதியும் அச்சிட்டிருக்கும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள் அது. டிராயருக்குப் பின்னால் போய்விட்டால் தேதியை யார் பார்ப்பது? எலி கடித்தாலும் தெரியாது. ரெகுலேட்டரிலிருந்து பைப் வரை ஒரு துண்டு, தேவைப்பட்டால் பைப்பிலிருந்து அடுப்பு வரை ஒரு துண்டு, இரண்டும் கண்ணில் படுகிற மாதிரி. டியூபுக்கு அவ்வளவுதான் வேலை.

அப்புறம் காப்பர் பைப். தண்ணீர் லைன் போடுகிற பிளம்பரிடமே இதையும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அவர் கெட்டிக்காரராகவே இருக்கட்டும். ஆனால் தண்ணீர் ஒழுகினால் சுவர் காட்டிக்கொடுத்துவிடும், கேஸ் ஒழுகினால் சுவரில் ஒன்றும் தெரியாது. இணைப்பை ஈயப் பற்று வைத்து ஒட்டினால் இருநூற்றுச் சொச்சம் டிகிரியிலேயே அது உருகிவிடும். அடுப்படியில் சின்னத் தீ விபத்து நடந்தாலும் முதலில் கழன்று கேஸைத் திறந்துவிடுவது அந்த இடம்தான். 450 டிகிரிக்கு மேல் உருகும் கம்பி வைத்து பிரேசிங் செய்ய வேண்டும். ஏசி மெக்கானிக்குகள் தினமும் செய்கிற வேலைதான். பசை தடவி ஒட்டும் பிளாஸ்டிக் பைப்பை கேஸுக்கு நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

பைப் அசிங்கமாகத் தெரிகிறது என்று சுவரை வெட்டி உள்ளே புதைத்து டைல்ஸ் ஒட்டச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இரண்டு வருடம் கழித்து அதே சுவரில் மசாலா ஷெல்ஃப் மாட்ட டிரில் போடுகிறவருக்கு உள்ளே பைப் போவது தெரியுமா? சுவருக்கு மேலேயே கிளாம்ப் அடித்துக் கொண்டுபோவது பார்க்கச் சுமாராக இருந்தாலும் நிம்மதி. சுவரைக் குறுக்கே தாண்டும் இடத்தில் மட்டும் ஒரு பெரிய பைப்பைச் செருகி அதற்குள் விட வேண்டும். அந்தத் துண்டில் இணைப்பே இருக்கக் கூடாது. சமையலறைக்குள் ஒரு வால்வும் வேண்டும், எரிகிற அடுப்பைத் தாண்டிக் கையை நீட்டாமல் மூடுகிற இடத்தில்.

லைன் போட்டபின் ஒரு பர்னரை மட்டும் பற்றவைத்துப் பார்த்துவிட்டு ஆளை அனுப்பிவிடாதீர்கள். நாலையும் முழுதாகத் திறந்து பார்க்க வேண்டும். ஹாப்பின் அடியில் கிலோவாட் கணக்கு எழுதியிருக்கும். மொத்தம் 9 கிலோவாட் என்றால் எல்லாம் எரியும்போது மணிக்கு ஏறக்குறைய 700 கிராம் கேஸ் வேண்டும். ரெகுலேட்டர் தரும் அழுத்தமோ வெறும் 30 மில்லிபார். பைப் ஒல்லியாகவும் நீளமாகவும் வளைவு அதிகமாகவும் இருந்தால் நாலும் சேர்ந்து எரியும்போது தீ சோர்ந்துவிடும். அப்போது 'ஹோட்டலில் போடுற ரெகுலேட்டர் மாட்டிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டு அடுப்பு அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. பைப்பைத்தான் பெரிதாக்க வேண்டும்.

குழாய் வழி இயற்கை எரிவாயு வருகிற குடியிருப்புகளில் அழுத்தம் 21 மில்லிபார்தான், பர்னருக்குக் கேஸை விடும் ஜெட்டின் துளையும் பெரியது. அங்கே ஓடிய அடுப்பை ஜெட் மாற்றாமல் சிலிண்டரில் மாட்டினால் தீ நீண்டு எழும்பிப் பாத்திரமெல்லாம் கரி. சரி, குழாயில் வரும் அந்த கேஸ் காற்றைவிட லேசானது, மேலே ஏறும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கசிவு பார்க்கத் தீக்குச்சி கிழிக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சோப்புத் தண்ணீர் போதும். அதைவிடத் துல்லியமான வேலையை எங்கள் ஏஜென்சி மெக்கானிக் செய்து காட்டினார். கண்ணாடி மாதிரியான டியூபை 'யு' போல வளைத்துத் தண்ணீர் ஊற்றி, அடுப்பு முனையில் மாட்டிக் கேஸைத் திறந்தார். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் முப்பது சென்டிமீட்டர் சுமாருக்கு வித்தியாசம் நின்றது. ரெகுலேட்டரை மூடிவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீர் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டது. பின்பலகையைக் கழற்றி அந்தப் பித்தளைத் துண்டில் நுரையைத் தடவியதும் கொப்புளம் கொப்புளமாக வந்தது.

பழையதைப் பிடுங்கிவிட்டு அவரே காப்பர் லைன் போட்டார். கீழ் டிராயர் இப்போது முன்னைவிட ஒரு சாண் குட்டை. பின்னால் வால்வுக்குக் கை போக வழி விட்டதில் வந்த நஷ்டம் அது. அதன் கதவின் உள்பக்கம் அம்மா 1906 என்று மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறார், கேஸ் கசிந்தால் எந்நேரமும் கூப்பிட வேண்டிய எண்.