ஹியூகனாட் குடும்பத்தின் வாரிசுகளைத் தேடுவது எப்படி? டுபுவா குடும்பத்தை வைத்து ஒரு செய்முறை

வம்சாவளி தேடத் தொடங்குகிறவர்கள் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் போவார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஹியூகனாட் குடும்பங்களைத் தேடும்போது அந்த வழி சீக்கிரமே அடைபட்டுப் போகும். அவர்கள் கூடிய சபையையும் பெண் கொடுத்து, பெண் எடுத்த வீடுகளையும் பின்தொடருங்கள். நான் எல்லாருக்கும் சொல்வது இந்த வழியைத்தான்.

ஹியூகனாட்டுகள் பிரான்சைச் சேர்ந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1598இல் அவர்களுக்குக் கிடைத்த வழிபாட்டு உரிமையை 1685இல் பதினான்காம் லூயி மன்னர் ரத்து செய்தார். அதன்பின் பெருங்கூட்டமாக நாட்டை விட்டு ஓடினார்கள். ஆனால் அதற்கு முன்பே கிளம்பியவர்களும் உண்டு. நாம் எடுத்துக்கொள்ளும் லூயி டுபுவா அப்படிப்பட்டவர். 1655இல் ஜெர்மனியின் மான்ஹைமில் கேத்ரீன் பிளான்ஷானை மணந்தார். 1660ஐ ஒட்டி இன்றைய நியூயார்க் மாநிலத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அது டச்சுக்காரர்கள் கையில் இருந்தது, பிறகு ஆங்கிலேயரிடம் போனது.

படி 1: ஊரை முடிவு செய்யுங்கள்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன், நியூயார்க்கின் நியூ ரோஷெல், வர்ஜீனியாவின் மனகின், பாஸ்டன் என ஹியூகனாட்டுகள் பல இடங்களில் குடியேறினார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஆவணங்கள் வேறு. டுபுவாவுக்கு நியூயார்க்கின் இரண்டு ஊர்கள் முக்கியம்: முதலில் தங்கிய கிங்ஸ்டன், பிறகு 12 பேர் சேர்ந்து நிலப்பட்டயம் வாங்கிய நியூ பால்ட்ஸ். அந்தப் பட்டயத்தின் ஆண்டு 1677.

படி 2: பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கலாம்?

பிரெஞ்சுப் பெயரை டச்சுப் போதகர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். அப்புறம் ஆங்கில எழுத்தர் அதைத் தன் வழக்கப்படி மாற்றினார். தேடுவதற்கு முன் சாத்தியமான எழுத்துக்கூட்டல்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 'டு' சேர்ந்தும் பிரிந்தும் வரும், 'டி' என்றுகூட வரும்.

படி 3: ஞானஸ்நானப் பதிவேடு

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். கிங்ஸ்டன் டச்சு சபையின் பதிவுகள் 1660இல் தொடங்குகின்றன. அவை 1891இல் அச்சிலும் வந்துவிட்டன. நியூ பால்ட்ஸ் சபை 1683இல் உருவானது. அதன் முதல் பதிவுகள் பிரெஞ்சில் இருக்கும், பிறகு டச்சு, அதன்பின் ஆங்கிலம். ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, பெயர் அட்டவணையோடு நிற்காமல், மூலப் பக்கத்தின் படம் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள்.

ஒவ்வொரு பதிவிலும் குழந்தை, தந்தை, தாய், சாட்சிகள் என நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். டச்சுப் பதிவேடுகளில் பெண்கள் பெரும்பாலும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே வருவார்கள். இது நமக்குப் பெரிய வரம். கேத்ரீன், கணவர் இறந்தபின் ஷான் கோத்தானை மறுமணம் செய்தார். அதற்குப் பிறகும் அவரை பிளான்ஷான் என்ற பெயரில் தேடலாம்.

சாட்சிகளாக நிற்பவர்கள் பெரும்பாலும் தாத்தா, பாட்டி, சித்தப்பா, அத்தை, மாமன் போன்ற சொந்தங்கள். நியூ பால்ட்ஸில் இது எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள். பட்டயம் வாங்கிய கிறிஸ்டியன் டெயோவின் நான்கு மருமகன்களும் அதே 12 பேரில் இருந்தவர்கள்: ஆபிரகாம் ஹாஸ்ப்ரூக், ஷான் ஹாஸ்ப்ரூக், சீமோன் லெஃபெவ்ர், லூயியின் மகன் ஆபிரகாம் டுபுவா. லூயியின் மனைவியின் தங்கையை மணந்த அந்துவான் கிரிஸ்பெல்லும் அதில் ஒருவர். ஆகவே ஒரு டுபுவா குழந்தையின் பதிவில் டெயோ பெயர் வந்தால் தள்ளிவிடாதீர்கள். தாயின் வழி அங்கே திறக்கிறது.

ஒரே பெயரில் இரண்டு ஆபிரகாம்கள் வந்தால்? மனைவி பெயரை வைத்துப் பிரியுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு என்பதால் இந்தக் குழப்பம் வந்தே தீரும்.

படி 4: தேதியைச் சரிபாருங்கள்

ஆங்கிலேயரின் ஆவணங்களில் 1752 வரை புத்தாண்டு மார்ச் 25. பிப்ரவரி 1698 என்று இருந்தால் நம் கணக்கில் அது 1699 ஆகலாம். மாற்றாமல் இருந்தபடியே எழுதி, பக்கத்தில் குறிப்பு போடுங்கள்.

படி 5: உயிலும் நிலப்பத்திரமும்

பதிவேட்டில் விட்டுப்போன பிள்ளைகள் உயிலில் வருவார்கள். மகள் பெயரோடு மருமகன் பெயரும் கிடைக்கும்.

அதே உயில்களில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்கர்களின் பெயர்களையும் சொத்துக் கணக்கோடு பார்ப்பீர்கள். நியூ பால்ட்ஸ் குடும்பங்கள் அடிமைகளை வைத்திருந்தன. அந்தப் பெயர்களையும் தவறாமல் குறித்து வையுங்கள். நியூயார்க்கில் அடிமைமுறை 1827இல்தான் ஒழிந்தது. தங்கள் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரிதான் சில வேளைகளில் முதல் தடயம்.

படி 6: மகள்களை விட்டுவிடாதீர்கள்

லூயியின் மகள் சாரா 1682இல் யோஸ்ட் யான்சன் வான் மேட்டரனை மணந்தார். டுபுவா என்ற பெயரை மட்டும் தேடினால் இந்தக் கிளை இங்கேயே முடிந்துவிடும். சாராவின் மகன்கள் ஜானும் ஐசக்கும் 1730இல் வர்ஜீனியாவின் ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் நில மானியம் பெற்றார்கள். அந்த இருவரிலிருந்து கீழே இறங்க வர்ஜீனியா கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) உயில்களையும் நிலப் பதிவுகளையும் எடுங்கள். 1850க்கு முந்தைய மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். அதனால் பிள்ளைகளுக்கு அதை நம்பாமல், உயிலையே மறுபடி தேடுங்கள்.