கிறிஸ்துமஸ் மரத்தின் தலையில் கை வைக்காதீர்கள்

பொங்கல் நெருங்கினால் எனக்கு ஒரே மாதிரியான போட்டோக்கள் வர ஆரம்பிக்கும். நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று சொல்லி வாங்கிய அரகேரியா, கீழ்க்கிளைகள் பழுப்பேறி, ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். “அண்ணா, பிழைக்குமா?” எல்லாம் நான் ஒரு காலத்தில் செய்த அதே கூத்துகள்தான். அந்தத் தவறுகளைத்தான் இங்கே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பது போன்ற எல்லோருக்கும் தெரிந்தவற்றைச் சொல்லப் போவதில்லை.

நுனியை நறுக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. செம்பருத்தி, ரோஜா, மல்லிகை வளர்த்துப் பழகிய கை நமக்கு. கவாத்து செய்தால் நாலு துளிர் வரும், செடி அடர்த்தியாகும் என்று நினைக்கிறோம். அரகேரியா அந்த ரகமல்ல. நடுத்தண்டின் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துதான் மரத்தை மேலே கொண்டு போகிறது, அடுக்கடுக்காகக் கிளை விடுகிறது. அதை வெட்டினால் உயர்வது நின்றுபோகலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று குருத்துகள் போட்டி போட்டுக் கிளம்பும். பழைய கோபுர வடிவம் மட்டும் திரும்பாது.

என் மரம் ஐந்தடி வளர்ந்து பரணை இடித்தது. கத்தரியை எடுத்து ஓரடி நறுக்கினேன். அதோடு விட்டேனா? பக்கக்கிளை ஒன்றையும் வெட்டி, இன்னொரு மரம் ஆயிற்று என்று வேறு தொட்டியில் ஊன்றினேன். பல மாதம் கழித்து வேர் பிடித்தது, ஆனால் நிமிரவே இல்லை. பக்கக்கிளைக்குப் படுத்து வளரத்தான் தெரியும், தனியாக நட்டாலும் அந்தப் புத்தி போகாது. குச்சி கட்டியும் பார்த்துவிட்டேன். சாய்த்து வைத்த துடைப்பம் மாதிரியே கிடந்தது.

நிமிர்ந்து நிற்பதுதான் இந்த மரத்துக்கே பெருமை. 1774இல் இந்த மரத்தின் தாயகமான, பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவில் இறங்கிய ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக், இதன் நேரான தண்டைப் பார்த்துக் கப்பலின் பாய்மரத்துக்கு ஆகும் என்று கணக்குப் போட்டார். (கட்டை அதற்கு லாயக்கில்லை என்று பிறகுதான் தெரிந்தது.)

உயரம் பயமாக இருந்தால் பெரிய தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள். வேர் கொஞ்சம் நெருக்கமாக இருந்தால் மரம் நிதானமாக வளரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு அளவு பெரிய தொட்டி போதும். அப்படியும் கூரையைத் தொட்டுவிட்டால் தோட்டம் இருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள். சுவரோரம் நட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். சொந்த மண்ணில் 50 மீட்டர் வளர்கிற மரம் அது.

காய்ந்த கீழ்க்கிளை மறுபடி துளிர்க்கும் என்று காத்திருப்பது

துளிர்க்காது.

டிவி பக்கத்து மூலை

பார்க்க அழகுதான், வெளிச்சம் இருக்காது. கிளைகள் நீண்டு தொங்கிப்போகும். காலை வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும் ஆகாது, இலை நுனி கருகும்.

தட்டில் தேங்கும் தண்ணீர்

விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் ஓரங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுங்கள். வேர் அழுகியபின் வேப்பெண்ணெய் தெளித்துப் பயனில்லை.

தொட்டியைத் திருப்பாமல் விடுவது

வாரம் ஒருமுறை, கால் சுற்று.

பஞ்சுப் பனி

விழா முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். நான் மார்ச் வரை விட்டுவைத்தேன். எடுக்கப் போனபோது பாதி பஞ்சு, பாதி மாவுப்பூச்சி.