நிலையான இணையதளத்தை இலவசமாக வெளியிடுவது எப்படி?

பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ், சில படங்கள், தேவைப்பட்டால் சிறிது ஜாவாஸ்கிரிப்ட் என்ற அளவில் முடிந்துவிடும் ‘நிலையான’ (ஸ்டாட்டிக்) தளத்துக்குக் கட்டணம் செலுத்தி இடம் வாங்க வேண்டியதில்லை. உலாவி கேட்கும் கோப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பதோடு சர்வரின் வேலை முடிந்துவிடுவதால், இத்தகைய தளங்களைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே தாங்குகின்றன. வேர்ட்பிரஸ் போல, சர்வரில் இயங்கும் பிஎச்பி நிரலும் தரவுத்தளமும் கேட்கும் தளங்களுக்கு இவ்வழி உதவாது.

நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் கிட்ஹப் பேஜஸ் சேவை. உங்கள் பயனர்பெயரோடு ‘.கிட்ஹப்.ஐஓ’ சேர்த்த பெயரில் ஒரு ரெப்பாசிட்டரியை (கோப்புகளை வைக்கும் களஞ்சியத்தை) உருவாக்கி, ‘இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்’ உள்ளிட்ட கோப்புகளை அதில் ஏற்றிய பிறகு, செட்டிங்ஸில் பேஜஸ் பகுதிக்குச் சென்று ‘மெயின்’ கிளை (கோப்புகளின் முதன்மைப் பதிப்பு) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சில நிமிடங்களில் அதே பெயரே தளத்தின் முகவரியாகிவிடும். இலவசக் கணக்கில் ரெப்பாசிட்டரி அனைவரும் பார்க்கும்படி இருந்தாக வேண்டும் என்பதால், கடவுச்சொல் போன்ற எதையும் அதில் வைக்கக் கூடாது. தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் போக்குவரத்து (பார்வையாளர்களுக்கு அனுப்பப்படும் தரவு) ஏறத்தாழ 100 ஜிபிக்குள் அடங்க வேண்டும், இணையக் கடை நடத்தக் கூடாது என்பவை அதன் விதிகள்.

பார்வையாளர்கள் மிகுதியாக வருவார்கள் என்றால் கிளவுட்ஃபிளேர் பேஜஸ் பொருத்தமானது. நிலையான கோப்புகளுக்கு அங்கே போக்குவரத்து வரம்பு இல்லை, ஆனால் ஒரு கோப்பு 25 எம்பியைத் தாண்டக் கூடாது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருள் என்றாலே தயங்குபவர்கள், கோப்புறையை இழுத்துப் போட்டாலே வெளியிட்டுவிடும் நெட்லிஃபையையோ, உலாவியிலேயே எழுதித் திருத்த உதவும் நியோசிட்டீஸையோ நாடலாம்.

சேவையைத் தேர்ந்தெடுப்பதைவிட அதிக நேரத்தை விழுங்குவது, சொந்தக் கணினியில் சரியாகத் தெரிந்த பக்கம் ஏற்றியவுடன் படங்கள் இன்றி வெறிச்சோடி நிற்பதுதான். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். இந்தச் சர்வர்கள் பெரும்பாலும் அப்படிக் கருதுவதில்லை. கேமரா தரும் படத்தின் பின்னொட்டு ‘ஜேபிஜி’ பெரிய எழுத்தில் இருக்க, பக்கத்தில் நீங்கள் அதைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்னும் 404 பிழைதான் வரும். ஆகவே கோப்புப் பெயர்கள் அனைத்தையும், இடைவெளி விடாமல், சிறிய எழுத்திலேயே வைத்துவிடுங்கள். அதேபோல், கிட்ஹப்பில் வேறு பெயருள்ள ரெப்பாசிட்டரியிலிருந்து வெளியிட்டால் முகவரியின் இறுதியில் அந்தப் பெயரும் சேர்ந்துகொள்ளும். அப்போது சாய்கோட்டில் (/) தொடங்கும் இணைப்புகள் அந்தப் பெயரைத் தவிர்த்துவிட்டு முகவரியின் வேருக்கே போய்த் தேடும் என்பதால், முன்னிற்கும் சாய்கோட்டை நீக்கிவிட வேண்டும்.

சொந்த டொமைன் (இணையப் பெயர்) வைத்திருந்தால், அந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று குறிக்கும் டிஎன்எஸ் பகுதியில் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்ற பெயருக்கு, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் சிநேம் பதிவு ஒன்றைச் சேர்த்து, அது சேவை தந்த முகவரியைச் சுட்டும்படி அமைத்து, டொமைனின் பெயரைச் சேவையின் அமைப்பிலும் பதிந்தால் போதும். தளத்துடனான தொடர்பைப் பாதுகாக்கும் எச்டிடிபிஎஸ் சான்றிதழை மேற்சொன்ன சேவைகளில் முதல் மூன்றும் தாமே இலவசமாகப் பெற்றுத் தரும். நியோசிட்டீஸில் மட்டும் சொந்த டொமைனைப் பொருத்தக் கட்டணக் கணக்கு தேவை. பின்னாளில் ஒரு சேவை விதிகளை மாற்றினாலும், கோப்புகளின் நகல் உங்கள் கணினியில் இருக்கும்வரை, வேறோர் இடத்தில் அவற்றை ஏற்றி அந்த டிஎன்எஸ் பதிவைத் திருத்திவிட்டால் பழைய முகவரியிலேயே தளம் தொடர்ந்து இயங்கும்.