சொந்தக்காரர் வீட்டு வாசலுக்கு ஆர்வியில் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு மாலை அக்கா கராஜ் கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மூலையில் இருந்த ஃப்ரீசர் அணைந்து கிடந்தது. உள்ளே பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்த சாப்பாடு அத்தனையும் இளகி, கை வைத்தால் குழைந்தது. காரணம் நான்தான். வெள்ளிக்கிழமை இரவு, வாடகைக்கு எடுத்த 28 அடி ஆர்வியை (உள்ளேயே படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) அவர்கள் டிரைவ்வேயில், அதாவது வீட்டு வாசலில் கார் நிறுத்தும் பாதையில் நிறுத்தி, கராஜ் சுவரிலிருந்த பிளக்கில் ஒயரைச் சொருகினேன். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே மைக்ரோவேவைப் போட்டேன். பட்டென்று எல்லாம் அணைந்தது. மணி பதினொன்று. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், எழுப்ப வேண்டாம் என்று ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் எல்லோருமாகக் கிளம்பி இன்னொரு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டோம். அதே சர்க்யூட்டில் ஃப்ரீசரும் இருந்தது யாருக்கும் நினைவில் இல்லை.

“ஏன்டா, ராத்திரியே ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதா?” என்று மட்டும்தான் அக்கா கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

அமெரிக்காவில் ஊருக்கு ஒருவராகச் சிதறியிருக்கும் பழைய நண்பர்களையும் உறவுகளையும் ஒரே சுற்றில் பார்த்து வருவதற்கு ஆர்வியைப் போல ஒன்று கிடையாது. பெட்டியைப் பிரித்துக் கட்ட வேண்டாம், யார் வீட்டுப் படுக்கையையும் பிடுங்க வேண்டாம், குழந்தைகள் தங்கள் போர்வையிலேயே தூங்கும். ஆனால் ஆர்விகளை நிறுத்தித் தங்கும் இடமான கேம்ப்கிரவுண்டில், முன்பின் தெரியாத ஒன்றில் இடம் பதியும்போது, வண்டி எத்தனை அடி நீளம், மின் இணைப்பு 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா, எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எல்லாம் கேட்டுக்கொள்கிறார்கள். நம் மனிதர்கள் வீட்டுக்குப் போகும்போது நாமும் கேட்பதில்லை, அவர்களும் கேட்பதில்லை. ‘நம்ம வீடுதானே’ என்று விட்டுவிடுகிறோம். நான் செய்த, பிறர் செய்யப் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நினைப்பிலிருந்து கிளைத்தவைதான்.

கரண்ட்: கேட்காமல் சொருகாதீர்கள்

வீட்டுச் சுவர் பிளக் என்பது பெரும்பாலும் 120 வோல்ட், 15 ஆம்ப். அதாவது அதிகபட்சம் 1,800 வாட். மணிக்கணக்கில் தொடர்ந்து இழுப்பதாக இருந்தால் அதில் 80 சதவீதம்தான், 1,440 வாட் வரைதான் பாதுகாப்பு. ஆர்வியின் கூரையில் இருக்கும் ஒரு ஏசி மட்டுமே ஏறக்குறைய அவ்வளவையும் தின்றுவிடும். கேம்ப்கிரவுண்டின் 30 ஆம்ப் பிளக் 3,600 வாட் தரும், 50 ஆம்ப் பிளக் 12,000 வாட் தரும். அங்கே பழகிய கை இங்கேயும் எல்லா ஸ்விட்சையும் போடும். வீட்டு பிளக்கில் இணைத்தால் பேட்டரி சார்ஜ் ஆகட்டும், விளக்கு எரியட்டும், மின்விசிறி ஓடட்டும். ஃப்ரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் வண்டியிலுள்ள சிலிண்டர் வாயுவான புரொப்பேனுக்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள். ஏசி இல்லாமல் முடியாது என்கிற வெயில் காலமென்றால், பக்கத்தில் மின் இணைப்புள்ள கேம்ப்கிரவுண்டில் தங்கி, பகலில் மட்டும் வீட்டுக்குப் போய்வருவது மேல்.

போனதும் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்: இந்த பிளக்கோடு வேறு என்ன இணைந்திருக்கிறது, சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் பெட்டி எங்கே இருக்கிறது, எந்த பிரேக்கர் இதற்குரியது. கேட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

எக்ஸ்டென்ஷன் ஒயரிலும் கவனம் வேண்டும். கராஜில் தொங்கும் மெல்லிய ஆரஞ்சு ஒயர் பெரும்பாலும் 16 கேஜாகத்தான் இருக்கும். கேஜ் எண் குறையக் குறையத்தான் ஒயர் தடிமனாகும். 12 அல்லது 10 கேஜ் ஒயரை நீங்களே வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். சொருகி அரை மணி நேரம் கழித்து பிளக்கையும் ஒயரையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உடனே கழற்றிவிடுங்கள், இரவு முழுக்க விட்டுவைக்கும் விஷயமில்லை அது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அது அன்பினால் வருவது. ‘நீ வருகிறாயே’ என்று ஒருவர் எலக்ட்ரீஷியனை அழைத்து ஆர்விக்கென்றே 30 ஆம்ப் பிளக் போட்டு வைத்திருப்பார். ஆர்வியின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட்டுக்கானது. ஆனால் 30 ஆம்ப் என்றதும் துணி உலர்த்தும் டிரையருக்குப் போடுவது போல 240 வோல்ட் இணைத்துவிடும் எலக்ட்ரீஷியன்கள் உண்டு. சொருகிய நொடியில் மைக்ரோவேவ், டிவி, பேட்டரி சார்ஜர் எல்லாம் கருகலாம். புதிதாகப் போட்ட எந்த பிளக்கானாலும், யார் போட்டதானாலும், வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் வைத்து 120 வோல்ட் காட்டுகிறதா என்று பார்க்காமல் சொருகக் கூடாது. அவர்கள் மனம் புண்படுமோ என்று தயங்க வேண்டாம். பார்த்துவிட்டு நன்றி சொல்லுங்கள்.

டிரைவ்வே

“பெரிய டிரைவ்வேதான், தாராளமா வா” என்பார்கள். அவர்கள் மனதில் இருப்பது இரண்டு கார். நீங்கள் கொண்டுபோவது பதினொரு அடி உயரமும், ஃபோர்டு ஈ-450 அடித்தளத்தில் கட்டிய வண்டியென்றால் முழுச் சுமையோடு 14,500 பவுண்டு வரையும் இருக்கும் ஒன்று. போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், ஒன்று தெருவிலிருந்து வீட்டை நோக்கி, ஒன்று வீட்டிலிருந்து தெருவை நோக்கி. அதில் முதலில் தேட வேண்டியது தெருவும் டிரைவ்வேயும் சேரும் இடத்தில் உள்ள பள்ளம். ஆர்வியின் பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். முன்சக்கரம் மேலே ஏறும்போது அந்த வால் பகுதி தரையில் உரசும். கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அடுத்தபடியாக மரக்கிளை, தாழ்வாகத் தொங்கும் கேபிள் ஒயர்.

‘இடம் போதவில்லையா, புல்வெளியில் ஏற்றிவிடு’ என்று சொன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது? நகரத்துக்கு வெளியே பல வீடுகளில் டேங்கும் அதன் கழிவுநீர்க் குழாய்களும் அந்தப் புல்லுக்கு அடியில்தான் ஓடுகின்றன. அந்த எடையை அவை தாங்காது. வெயில் காலத்தில் தார் போட்ட டிரைவ்வேயில், வண்டியை மட்டமாக நிறுத்தும் தாங்குகாலான ஜாக்கை நேரடியாக இறக்கினால் குழி விழும். அகலமான பலகையை அடியில் போட்டு இறக்குங்கள். சரிவிலேயே நிறுத்தி இரவைக் கழிப்பதும் தவறு. புரொப்பேனிலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜுக்கு வண்டி ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் குளிரூட்டும் பகுதியே கெட்டுப்போகும்.

பின்னால் எடுக்கும்போது நான்கு பேர் நான்கு பக்கமும் நின்று “வா, வா, நிறுத்து, லெஃப்ட், இல்ல ரைட்” என்று குரல் கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் போதும். முன்கூட்டியே கை சைகையைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் அவர் தெரியாமல் போனால் அந்த நொடியே பிரேக். சந்தேகமாக இருந்தால் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஏறுங்கள், எத்தனை தடவையானாலும் சரி.

அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்க விதிகளையும் நகராட்சி விதிகளையும் உறவினரையே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆர்வியை ஒரு நாளோ இரண்டு நாளோ மட்டும் நிறுத்த விடும் குடியிருப்புகள் உண்டு, அறவே கூடாது என்பவையும் உண்டு. நீங்கள் கிளம்பிய பிறகு அபராதக் கடிதம் அவர்கள் பெயருக்குத்தான் வரும். ஜெனரேட்டர் போடுவதென்றாலும் இதே கதைதான். புகை வீட்டு ஜன்னல் பக்கமோ பக்கத்து வீட்டுப் பக்கமோ போகக் கூடாது. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்கும்போது ஜெனரேட்டர் ஓடக் கூடாது என்பது என் வீட்டில் மாற்றமே இல்லாத சட்டம்.

கழிவுநீர்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவோர மழைநீர் வடிகாலில் எதையும் விடாதீர்கள், பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கூடத்தான். அது சுத்திகரிக்கப்படாமல் நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ போகிறது, சட்டப்படியும் குற்றம். வீட்டின் செப்டிக்கில் கொட்டலாமா என்றால், வேண்டாம் என்பேன். ஆர்வியின் கழிவுத் தொட்டியில் ஊற்றும் சில மருந்துகளில் உள்ள ஃபார்மல்டிஹைடு அங்கே வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். உறவினர் வீட்டை அடைவதற்கு முன்பே ஆர்வியின் கழிவைக் கொட்டுவதற்கென்றே உள்ள ஒரு டம்ப் ஸ்டேஷனில் காலி செய்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்ச் சேருங்கள். அங்கே இருக்கும் நாட்களில் குளியலுக்கும் கழிப்பறைக்கும் அவர்கள் வீட்டைப் பயன்படுத்தலாமா என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள்.

வழியில்

நண்பர் அனுப்பிய முகவரியைப் போனில் தட்டி, அது காட்டிய வழியிலேயே போவதுதான் பலரும் முதல் பயணத்தில் செய்கிற தவறு. கார்களுக்கான செயலிக்கு உங்கள் வண்டியின் உயரம் தெரியாது. கனெக்டிகட்டின் மெரிட் பார்க்வேயில் 8 அடிக்கு மேல் உயரமான வண்டிகளுக்கு அனுமதியில்லை. வட கரோலினாவின் டர்ஹாமில் 11 அடி 8 அங்குல ரயில் பாலம் ஒன்று கூரைகளைப் பிய்த்தெடுப்பதற்கே பேர்போனது. 2019-இல் அதை 12 அடி 4 அங்குலத்துக்கு உயர்த்திய பிறகும் மோதல்கள் நிற்கவில்லை. கூரை ஏசியின் உச்சி வரை அளந்து, அடியும் அங்குலமுமாக ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். ஆர்விக்கான ஜிபிஎஸ் அல்லது லாரி ஓட்டுநர்கள் பயன்படுத்தும் செயலியில் அந்த அளவைக் கொடுங்கள்.

உயரத்தைப் பார்ப்பவர்கள்கூட புரொப்பேனை மறந்துவிடுகிறார்கள். நியூயார்க்கின் ஹாலண்ட் சுரங்கப்பாதையில் புரொப்பேன் கொண்டுபோகக் கூடாது. பால்டிமோரின் துறைமுகச் சுரங்கங்களிலும் ஆர்வி சிலிண்டர்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. முன்பு சிலிண்டரோடு போகிறவர்கள் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச் 26 அன்று கப்பல் மோதி அந்தப் பாலம் இடிந்து விழுந்தது. அதன் பிறகு 695 நெடுஞ்சாலையின் மேற்குப் பக்கமாக நகரத்தைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. பழைய அனுபவத்தை நம்பாமல், கிளம்புவதற்கு முன் அந்தந்த மாநிலத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் ‘DOT’ என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் வரும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஆர்விகள் ஓடுவதைவிட நிற்பதே அதிகம் என்பதால், பட்டன் தேயாமலே டயர் முதுமை அடைந்துவிடும்.

நாட்களும் மனங்களும்

எல்லோரையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் பத்து நாளில் எட்டு வீடு என்று திட்டம் போடாதீர்கள். ஆர்விக்காரர்கள் 3-3-3 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் ஓட்டாதே, மாலை 3 மணிக்குள் போய்ச் சேர், ஓரிடத்தில் 3 இரவாவது தங்கு. இருட்டில் போய்ச் சேர்ந்தால் கிளையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அதைவிட முக்கியம், எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்துவிட்டு வந்தவனுக்கு இருபது வருடம் கழித்துப் பார்க்கும் நண்பனோடு பேசத் தெம்பு இருக்காது. நான்கு வீட்டைப் பாருங்கள், நிதானமாகப் பாருங்கள். மற்றவர்களை ஒரு மாநிலப் பூங்காவின் கேம்ப்கிரவுண்டுக்கு வரச் சொல்லி அங்கே சந்திக்கலாம். டிரைவ்வே இல்லாத அபார்ட்மெண்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் நல்லது. விருந்தாளிகளுக்குக் கட்டணம் உண்டா, இரவு எத்தனை மணிக்குள் வெளியேற வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுவையுங்கள். பல தேசியப் பூங்காக்களில் இடம் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவுக்குத் திறந்துவிடும் என்பதால் கடைசி நேரத்தில் தேடினால் கிடைக்காது.

வண்டியில்தான் தூங்கப் போகிறோம் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போய் நின்றால், அறையை ஒழித்து, புதிய விரிப்பு போட்டு, அலமாரியில் ஒரு தட்டு காலி செய்து வைத்திருக்கும் அத்தையின் முகம் வாடிப்போகும். “வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள படுக்க மாட்டேங்கிறியே” என்று ஒருமுறை கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. குழந்தைகளுக்கு இடம் மாறினால் தூக்கம் வராது, சாப்பாடும் பேச்சும் உங்களோடுதான் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த வருத்தமே இருந்திருக்காது. வயதானவர்களுக்கு வண்டியைச் சுற்றிப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆர்வியின் முதல் படி உயரம், ஆடவும் செய்யும். உறுதியான கூடுதல் படிக்கட்டு ஒன்று வைத்து, கையைப் பிடித்து ஏற்றுங்கள்.

கிளம்பும் காலையில்தான் அதிகம் மறப்போம். எல்லோரும் சூழ்ந்து நிற்பார்கள், கையில் பைகளைத் திணிப்பார்கள், யாராவது கண் கலங்குவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒயரைப் பிடுங்காமலே வண்டியை நகர்த்தியவர்களை எனக்குத் தெரியும். விடைபெறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒயர், தண்ணீர்க் குழாய், ஜாக், படிக்கட்டு, புரொப்பேன் வால்வு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். பிறகு நிதானமாக விடைபெற்று, எல்லோரையும் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு, யாரோடும் பேசாமல் வண்டியைத் தனியாக ஒரு சுற்று சுற்றி வாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் குழந்தையின் சைக்கிள் சாய்ந்து கிடக்கலாம்.