மெடிக்கல் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு: மண்டையோடு, முதுகெலும்பு, விலா எலும்பு படிக்கிறது எப்படி

சீனியர்கிட்ட போன் செட், அதாவது படிக்கிறதுக்கான எலும்புங்க, வாங்கிட்டு வந்ததும் எல்லாரும் மொதல்ல மண்டையோட்டத்தான் தூக்குவாங்க, நானும் அப்படித்தான், ரெண்டே நாள்ல தல சுத்திப்போய் அத பெட்டிக்குள்ள வச்சு மூடிட்டேன். அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க, மண்டைய கடைசியா வச்சுக்கோங்க. ஆக்சியல் ஸ்கெலிட்டன்ல, அதாவது ஒடம்போட நடு அச்சுல இருக்கிற எலும்புக்கூட்டுல, மொத்தம் 80 எலும்பு. மண்டையில 22, ரெண்டு காதுக்குள்ளயும் சேத்து 6, தொண்டையில ஹயாய்டு 1, முதுகெலும்பு வரிசையில 26, விலா 24, நெஞ்செலும்பு 1, அவ்ளோதான் கணக்கு.

எந்த எலும்ப எடுத்தாலும் பேர் படிக்கிறதுக்கு முன்னாடி விரலால தடவிப் பாருங்க. ஓட்டை இருந்தா அதுக்குள்ள நரம்போ ரத்தக்குழாயோ போகுது, சொரசொரன்னு மேடா இருந்தா தசையோ, எலும்பையும் எலும்பையும் கட்டுற லிகமென்ட்டோ அங்க புடிச்சு இழுக்குது, வழவழன்னு இருந்தா இன்னொரு எலும்பு வந்து அங்க உக்காருது. இந்த மூணையும் கேட்டுக்கிட்டே போனா எலும்பு மேல இருக்கிற பாதி மார்க்கிங் தானா மனசுல நிக்கும்.

முள்ளெலும்புல ஆரம்பிங்க. பக்கத்துல நீட்டிட்டு இருக்கிற டிரான்ஸ்வர்ஸ் ப்ராசஸ்ல ஓட்டை இருந்தா கழுத்துல வர்ற செர்விகல், சந்தேகமே வேணாம். ஓட்டை இல்ல, ஆனா விலா எலும்பு ஒட்டுற ஃபேசட், அதாவது வழவழன்னு ஒரு சின்னத் தளம், இருக்குன்னா நெஞ்சுப் பக்கத்து தொராசிக். ரெண்டுமே இல்லாம குண்டா, பின்னாடி நீட்டிட்டு இருக்கிற ஸ்பைன் கோடாலி மாதிரி பட்டையா இருந்தா இடுப்புப் பக்கத்து லம்பார். எது மேல் பக்கம்னு குழப்பமா இருந்தா முன்னாடி குண்டா இருக்கிற பாடியையும் பின்பக்க வளைவையும் இணைக்கிற பெடிக்கிள்ல ஒரு பள்ளம் இருக்கும், அந்த நாட்ச பாருங்க, ஆழமா இருக்கிறது கீழ் பக்கம். கழுத்துல மொத முள்ளெலும்பான அட்லஸுக்கு பாடியே கிடையாது, வெறும் வளையம். அந்த பாடி எங்க போச்சுன்னா, கீழ இருக்கிற ரெண்டாவது முள்ளெலும்பு ஆக்சிஸ் மேல பல்லு மாதிரி ஒண்ணு நீட்டிட்டு நிக்குதே டென்ஸ், அதுதான். நீங்க இல்லன்னு தலையாட்டும்போது அட்லஸ் அந்தப் பல்ல சுத்தித்தான் திரும்புது.

போன் செட் இல்லையா, ஞாயித்துக்கெழம மட்டன் குழம்பு இருக்கே. சாப்ஸ் பீஸ எடுத்தா விலா எலும்போட தலை முள்ளெலும்புல எப்படி போய் ஒட்டுதுன்னு தட்டுலயே தெரியும், கழுத்துக்கறி கிடைச்சா அந்தப் பக்கத்து ஓட்டையையும் தேடுங்க. ஆட்டுக்கும் கழுத்துல 7 தான், ஆனா விலா 13 ஜோடி, அத மட்டும் எக்ஸாம்ல எழுதி வச்சுடாதீங்க. எங்கம்மா, சாப்பிடுற எடத்துல என்னடா ஆராய்ச்சின்னு திட்டுனதுதான் மிச்சம்.

விலாவுல எல்லாரும் சறுக்குற எடம் சைடு கண்டுபிடிக்கிறது. தலை இருக்கிற முனை பின்னாடி, குழிஞ்ச பக்கம் உள்ள, காஸ்டல் க்ரூவ்ங்கிற நீளப் பள்ளம் கீழ, இப்படி உங்க நெஞ்சு மேலயே வச்சுப் பாத்துட்டு அப்புறம் வாயத் திறங்க. நான் பிராக்டிகல்ல க்ரூவ மேல வச்சுப் புடிச்சுக்கிட்டு இடது விலாவ வலதுன்னு அடிச்சு விட்டேன், எக்ஸாமினர் ஒண்ணும் சொல்லல, அத வாங்கி தலகீழா திருப்பி என் கையிலயே குடுத்தாரு. அந்தக் க்ரூவுக்குள்ள மேல இருந்து வெயின், ஆர்ட்டரி, நெர்வ் இந்த வரிசையில ஓடுது, அதனாலதான் நெஞ்சுல ஊசி போடணும்னா கீழ் விலாவோட மேல் ஓரத்த ஒட்டிப் போடுறாங்க.

நெஞ்செலும்புக்கு ஒரே வேலை. தொண்டைக்குழியில இருந்து விரல கீழ எறக்குங்க, ஒரு அஞ்சு சென்டிமீட்டர்ல குறுக்க ஒரு மேடு தட்டும், அதான் ஸ்டெர்னல் ஆங்கிள். அதுக்கு நேரா ரெண்டாவது விலா ஒட்டுது, அங்க இருந்துதான் விலாவ எண்ணணும்.

இப்ப மண்டை. கண்குழிக்குள்ள விரல விட்டுத் தூக்காதீங்க, உள்பக்கச் சுவர் காகிதம் மாதிரி, ஒடஞ்சுரும். கண்குழியோட கீழ் ஓரமும் காது ஓட்டையோட மேல் ஓரமும் ஒரே மட்டத்துல இருக்கிற மாதிரி புடிச்சாத்தான் சரியான பொசிஷன். மேல் மூடிய கழட்டிட்டு வெளக்கமாத்துல இருந்து ஒரு ஈர்க்குச்சிய உருவிக்கோங்க, மெதுவா, முரட்டுத்தனம் வேணாம். மண்டையோட உள்தரையில இருக்கிற நடுக்குழியில, ஃபொராமென் ரொட்டண்டம்ங்கிற ஓட்டையில விட்டீங்கன்னா குச்சி கீழ வராது, முன்னாடி முகத்தப் பாத்துப் போகும், ஏன்னா அதுல போறது மேல்தாடைக்கான மேக்சிலரி நெர்வ். ஓவேல்ங்கிற ஓட்டையில விட்டா நேரா கீழ எறங்கும், அது கீழ்தாடைக்குப் போற மேண்டிபுலர் நெர்வ். பக்கத்துலயே குட்டியா ஸ்பைனோசம், அதுல மட்டும் குச்சிய கீழ இருந்து மேல விடுங்க, மூளை உறைக்கு ரத்தம் கொண்டு வர்ற மிடில் மெனிஞ்சியல் ஆர்ட்டரி அப்படித்தான் உள்ள வருது. அங்க இருந்து மண்டையோட உள்சுவர்ல மரக்கிளை மாதிரி ஒரு பள்ளம் ஓடும், அத விரலால தொடர்ந்தே போனா டெரியான்ல போய் நிப்பீங்க, நெத்திப்பொட்டுல நாலு எலும்பு சேர்ற மெல்லிசான எடம், அது ஒடஞ்சா உள்ள ஓடுற அந்த ஆர்ட்டரி கிழியலாம். நெத்திப்பொட்டுல அடிபட்டா ஏன் டாக்டருங்க பதறுறாங்கன்னு அப்பப் புரியும்.

எலும்ப காட்டிப் பேர் கேக்குற ஸ்பாட்டர் பரீட்சைக்கு மொத நாள் எங்க ஹாஸ்டல்ல முள்ளெலும்பு பூராவும் ஒரு மஞ்சப்பையில போட்டு, கண்ண மூடிக்கிட்டு ஒண்ண எடுத்துத் தடவியே பேர் சொல்லணும், தப்பா சொன்னவன் டீ வாங்கணும். கடைசி செர்விகல் சி-7உம் மொத தொராசிக் டி-1உம் கையில ஒரே மாதிரி இருக்கும், ஸ்பைன் ரெண்டுலயும் நீளம். சி-7ல சின்னதாவாவது பக்கத்து ஓட்டை இருக்கும், டி-1ல அது இருக்காது, பாடி ஓரத்துல மேல ஒரு முழு ஃபேசட்டும் கீழ ஒரு அரையும் விரலுக்குத் தட்டும். இது தெரியறதுக்குள்ள எனக்கு ஒம்பது டீ செலவு.